குருதிப் புற்றும் குறியறிந்த மருந்தும்

ஒரே நோயின் பெயரைத் தாங்கிய இருவருக்கு ஒரே மருந்தைக் கொடுக்கிறோம். ஒருவர் குணமடைந்து எழுந்து நடமாடுகிறார். மற்றவரோ நாளுக்கு நாள் மெலிந்து போகிறார். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்னும் வினா வைத்தியத்தைப் போலவே பழமையானது. நாடி பார்த்து மருந்து கொடுத்த நம் சித்த வைத்தியர்களும் வாதம், பித்தம், கபம் என உடலின் தன்மையைப் பகுத்தறிந்து, ஆளுக்கேற்ற மருந்தையும் பத்தியத்தையும் வகுத்தனர். ஆளுக்கு ஆள் உடல் வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயின், அவ்வேறுபாடு உடலின் எவ்விடத்தில், எவ்வடிவில் பொறிக்கப்பட்டுள்ளது என்பதை அறியும் கருவி அக்காலத்தில் உலகில் எவரிடமும் இருக்கவில்லை.

இன்று அக்கருவிகள் கிடைத்துள்ளன. நோயாளியின் கலங்களிலுள்ள பரம்பரையலகுகளை ஆராய்ந்து, அங்குள்ள மாற்றத்தை அறிந்து, அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தளிக்கும் முறையைத் துல்லிய மருத்துவம் என்று அழைக்கின்றனர். பெயர் புதியதாயினும் அதன் வரலாறு நீண்டது. அதனைப் பொதுப்படப் பேசுவதிலும், ஒரேயொரு நோயின் கதையைத் தொடக்கம் முதல் பின்பற்றிச் செல்வதே நேயர்களுக்குத் தெளிவைத் தருமென எண்ணுகிறேன். அந்நோய் லியூக்கேமியா எனப்படும் குருதிப் புற்று வகைகளுள் ஒன்று. நாட்பட்ட மைலோயிட் லியூக்கேமியா என்பது அதன் முழுப்பெயர்.

1845ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் ஜோன் ஹியூஸ் பெனற் என்னும் வைத்தியரும், ஜேர்மனியின் பேர்லின் நகரில் ருடோல்ப் வேர்ச்சோ என்னும் வைத்தியரும், ஒருவரையொருவர் அறியாமலே, மண்ணீரல் பெரிதும் வீங்கி இறந்த நோயாளரைப் பற்றி எழுதினர். இறந்தோரின் குருதி செந்நிறம் குன்றி, சீழ் கலந்தாற்போல வெளுத்திருந்தது. குருதியிற் சீழ் பிடித்துவிட்டது எனப் பெனற் கருதினார். வேர்ச்சோ அவ்வாறு கருதவில்லை. எல்லார் குருதியிலும் உள்ள வெண்கலங்களே இங்கு அளவின்றிப் பெருகியுள்ளன என்று அவர் கண்டார். பின்னர், 1847இல், வெண்குருதி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு இந்நோய்க்கு லியூக்கேமியா என்று பெயரிட்டார்.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஷாணம் கலந்த கரைசலைக் கொடுத்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீங்கிய மண்ணீரலின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினர். 1950களில் பியூசல்பான் என்னும் மருந்து வந்தது. இவை யாவும் பெருகிய வெண்கலங்களைச் சிறிது காலத்துக்குக் குறைத்தன. நோயின் போக்கை மாற்றவில்லை. முதற்கட்டத்தில் நோயாளி ஓரளவு நலமாகவே நடமாடுவார். சில ஆண்டுகள் சென்றபின் நோய் திடீரெனச் சீறியெழும். அதன்பின் வாழ்நாள் மாதக்கணக்கில் அடங்கிவிடும். நோய் கண்டறியப்பட்டதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் முடிவு நேர்வதே பெரும்பாலோரின் நிலையாக இருந்தது. வைத்தியர்கள் திறமையற்றவர்கள் என்பதன்று இதன் பொருள். நோய் எங்கிருந்து புறப்படுகிறது என்பது தெரியாத நிலையில் அவர்கள் அதன் விளைவோடு மட்டுமே போரிட்டனர்.

இந்த இருளில் முதல் வெளிச்சம் 1960ஆம் ஆண்டில் தோன்றிற்று. அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்னர்தான், மனிதரின் கலமொன்றில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன என்ற சரியான கணக்கு வெளியாகியிருந்தது. நிறமூர்த்தங்கள் என்பவை நம் உடலின் அமைப்பையும் தொழிலையும் பற்றிய கட்டளைகளைத் தாங்கிய நுண்ணிய இழைகள். ஐக்கிய அமெரிக்க நாடுகளின் பிலடெல்பியா நகரிற் பணியாற்றிய பீற்றர் நோவெல் என்பார் லியூக்கேமியா நோயாளரின் குருதிக்கலங்களை வளர்த்து ஆராய்ந்து வந்தார். கண்ணாடித் தகட்டிலுள்ள கலங்களை ஒருநாள் அவர் சாதாரண குழாய்நீரிற் கழுவினார். நீர் உட்புகுந்து கலங்கள் பருத்தன. அவற்றுள்ளிருந்த நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று சிக்காமல் விரிந்து தென்பட்டன. நிறமூர்த்தங்களை ஆராய்வதிற் பயிற்சி பெற்றிருந்த டேவிட் ஹங்கர்போர்ட் என்னும் இளம் ஆய்வாளர் அவருடன் சேர்ந்துகொண்டார். இருவரும் நுணுக்குக்காட்டியின் வழியே நோக்கியபோது, இந்த வகை லியூக்கேமியா நோயாளரின் கலங்களிலெல்லாம் ஒரு நிறமூர்த்தம் இயல்பிலும் மிகக் குறுகியிருக்கக் கண்டனர். அது கண்டறியப்பட்ட நகரின் பெயராலேயே பிலடெல்பியா நிறமூர்த்தம் என வழங்கலாயிற்று. ஒரு புற்றுநோயுடன் நிறமூர்த்தத்தின் ஒரு குறிப்பிட்ட மாற்றம் மாறாது இணைந்திருப்பது அதுவே முதன்முறையாக அறியப்பட்டது.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும். நிறமூர்த்தம், பரம்பரையலகு என்றவுடன், இந்நோய் குடும்பவழி வருவது எனச் சிலர் அஞ்சக்கூடும். அவ்வச்சத்துக்கு இடமில்லை. இம்மாற்றம் பிறவியில் வருவதன்று. வாழ்நாளில் ஏதோவொரு வேளை, என்பு மச்சையிலுள்ள ஒரு கலத்தில் நேர்ந்து, அக்கலத்தின் வழித்தோன்றல்களுக்கு மட்டும் செல்வது. பெற்றோர் தந்ததுமன்று, பிள்ளைகளுக்குச் செல்வதுமன்று. நோய்வாய்ப்பட்டவரின் குடும்பத்தை ஐயக்கண்கொண்டு நோக்குவதற்கு இதில் யாதொரு நியாயமுமில்லை.

குறுகிய நிறமூர்த்தம் இழந்த பகுதி எங்கே போயிற்று? 13 ஆண்டுகள் அதற்கு விடை கிடைக்கவில்லை. அப்பகுதி அழிந்துபோயிற்று என்றே பலரும் கருதினர். சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனெற் ரௌளி அம்மையார்தாம் விடையைக் கண்டவர். நான்கு ஆண்மக்களைப் பெற்ற தாயாகிய அவர், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புக் காரணமாக நெடுங்காலம் பகுதிநேரமே பணியாற்றியவர். நிறமூர்த்தங்களைப் பட்டை பட்டையாகத் தோன்றச் செய்யும் புதிய சாயமுறைகள் அப்போது வழக்கிற்கு வந்திருந்தன. அம்முறையில் எடுத்த நிழற்படங்களிலிருந்து நிறமூர்த்தங்களைத் தனித்தனியே வெட்டி, வீட்டிலே உணவு மேசைமீது பரப்பி, சோடி சோடியாக ஒப்பிட்டுப் பார்த்து வந்தார். 22ஆம் நிறமூர்த்தம் எவ்வளவு குறைந்திருந்ததோ, ஏறத்தாழ அவ்வளவு 9ஆம் நிறமூர்த்தம் நீண்டிருந்தது. எனவே எதுவும் அழியவில்லை. இரண்டு நிறமூர்த்தங்களும் உடைந்து, தம் நுனிகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொண்டுள்ளன என்பது புலனாயிற்று. 1973இல் அவர் இதனை வெளியிட்டார். இத்தகைய மாற்றம் புற்றுநோய்க்குக் காரணமா, அன்றி அதன் விளைவா என்பதில் அறிஞரிடையே அப்போது ஐயம் மிகுந்திருந்தது. காரணமே என்ற கருத்து வலுப்பெறுவதற்கு அம்மையாரின் தொடர்ந்த ஆய்வுகள் பெரிதும் உதவின.

1980களில், உடைந்து ஒட்டிய அவ்விடத்தில் இருப்பது யாது என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். 9ஆம் நிறமூர்த்தத்திலிருந்து வந்த ஏ.பி.எல். என்னும் பரம்பரையலகு, 22ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பி.சி.ஆர். என்னும் பரம்பரையலகோடு ஒட்டியிருந்தது. ஏ.பி.எல். தனித்திருக்கும்போது ஒரு நொதியத்தை ஆக்குகிறது. அந்நொதியம் வீட்டு மின்விளக்கின் ஆளியைப் போன்றது. வேண்டும்போது இயங்கிக் கலத்தை வளரத் தூண்டும், வேண்டாதபோது ஓய்ந்திருக்கும். பி.சி.ஆருடன் ஒட்டியபின் அந்த ஆளியை அணைக்க வழியில்லாது போகிறது. இரவும் பகலும் ஓயாது பெருகும்படி கலத்துக்குக் கட்டளை சென்றுகொண்டேயிருக்கிறது. வேர்ச்சோ கண்ட வெளுத்த குருதிக்கு இதுவே மூலம். 1990இல், ஒட்டிய அப்பரம்பரையலகைச் சுண்டெலிகளின் மச்சைக் கலங்களிற் புகுத்தியபோது, அவற்றுக்கும் அதே நோய் உண்டாயிற்று. ஐயம் தீர்ந்தது. குற்றவாளி அகப்பட்டுக்கொண்டது எனலாம்.

காரணம் ஒன்றேயெனின், அதனை மட்டும் அடக்கும் மருந்து இயலாதா? சுவிற்சலாந்தின் பாசல் நகரில் சீபா-கைகி என்னும் மருந்து நிறுவனத்தில் நிக்கொலஸ் லைடனும் அவருடைய குழுவினரும் இத்தகைய நொதியங்களை அடக்கும் சேர்வைகளைத் தேடினர். இந்நொதியம் தொழிற்படுவதற்கு ஏ.ரீ.பி. என்னும் சத்திமூலக்கூறு அதன் குழியொன்றில் வந்து பொருந்தவேண்டும். பூட்டின் துவாரத்தில் மெழுகை அடைத்துவிட்டால் திறவுகோல் நுழையாதல்லவா? அவ்வாறே அக்குழியில் முன்சென்று பொருந்திக்கொள்ளும் ஒரு சேர்வையை ஆக்குவதே அவர்களின் நோக்கம். மனித உடலில் இதனையொத்த நொதியங்கள் 500க்கு மேற்பட்டவை உள்ளன. அவற்றின் குழிகளும் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒன்றை அடைக்கப்போய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், மருந்தே நஞ்சாகிவிடும். ஆகவே இம்முயற்சி கைகூடாதெனப் பலர் கூறினர். ஆயினும் ஜூர்க் சிம்மர்மான் என்னும் வேதியியலார் மூலக்கூறுகளின் அமைப்பைப் படிப்படியாக மாற்றியமைத்து, சிலவற்றை மட்டும் அடைக்கும் சேர்வையொன்றை ஆக்கினார். அதுவே பின்னர் இமாற்றினிப் எனப் பெயர்பெற்றது.

ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகர வைத்தியரான பிறையன் டிறக்கர், இச்சேர்வைகளை நாட்பட்ட லியூக்கேமியாவின் கலங்களில் ஆய்ந்து பார்த்தார். நோய்க்கலங்கள் மடிந்தன, நல்ல கலங்கள் பிழைத்தன. 1996இல் இம்முடிவு வெளியாயிற்று. எனினும் மருந்து உடனே நோயாளரைச் சென்றடையவில்லை. இந்நோய் அரிதானது, ஆண்டுதோறும் சில ஆயிரம் பேருக்கே அமெரிக்காவில் வருவது. இத்துணைச் சிறிய சந்தைக்காகப் பெரும்பணத்தைச் செலவிட நிறுவனம் தயங்கிற்று. அதே காலத்தில் அந்நிறுவனம் சண்டோஸ் என்னும் மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து நோவாட்டிஸ் ஆயிற்று. டிறக்கர் விடாது வற்புறுத்தினார். ஈற்றில் 1998 யூன் மாதத்தில் மனிதரிடையே பரிசோதனை தொடங்கியது.

அப்போது வழக்கிலிருந்த இன்ரபெரோன் என்னும் ஊசிமருந்து பயன்தராத நோயாளரே முதலிற் சேர்க்கப்பட்டனர். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்குக் குறையாது மருந்துண்டோர் 54 பேர். அவர்களுள் 53 பேரின் குருதிக்கல எண்ணிக்கை இயல்பு நிலைக்குத் திரும்பியது. அதுவும் பெரும்பாலும் 4 வாரங்களுக்குள். இதைக் கேள்வியுற்ற நோயாளர் தமக்கும் அம்மருந்து வேண்டுமெனக் கேட்டு, ஆயிரக்கணக்கில் ஒப்பமிட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். உற்பத்தி பெருகியது. 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் இமாற்றினிப்புக்கு அனுமதி வழங்கியது. பின்னர் 1,106 நோயாளரைக் கொண்டு நடைபெற்ற பெரும் பரிசோதனையில், முதலிலிருந்தே இமாற்றினிப் உண்ட குழுவினருள் 10 ஆண்டுகளின் பின்னரும் உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 83 பேர். முன்னர் 3 முதல் 5 ஆண்டுகள் என்று கணக்கிடப்பட்ட வாழ்வு இதுவென்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

மருந்து மாறியதோடு சிகிச்சை முறையும் மாறியது. முன்னர் வைத்தியர் நோயாளியின் வயிற்றைத் தொட்டு மண்ணீரலின் வீக்கத்தை அளந்தார், வெண்கலங்களை எண்ணினார். இன்று சிறிதளவு குருதியை எடுத்து, ஒட்டிய பரம்பரையலகின் செய்தி அதில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று சில மாதங்களுக்கொரு முறை அளக்கின்றனர். நுணுக்குக்காட்டிக்குப் புலப்படாத அளவு நோயும் அதில் அகப்படும். அளவு மீண்டும் உயர்ந்தால், நோயாளி மருந்தை ஒழுங்காக உண்கிறாரா என்று முதலில் விசாரிக்கின்றனர். உண்டும் உயர்ந்தால், நொதியத்தின் குழியிற் புதியதொரு மாற்றம் நேர்ந்துள்ளதா எனப் பார்க்கின்றனர். இத்தகைய மாற்றத்தால் மருந்து பயனற்றுப்போவதை 2001ஆம் ஆண்டிலேயே சாள்ஸ் சோயர்ஸ் என்பாரின் குழுவினர் கண்டறிந்தனர். அதற்கேற்ப 2006இல் டசாற்றினிப், 2007இல் நிலோற்றினிப், 2012இல் பொனாற்றினிப் எனப் புதிய மருந்துகள் வந்தன. எந்த மாற்றத்துக்கு எந்த மருந்து என்று இப்போது தெரிந்தெடுக்கின்றனர். மேலும், நோயின் சுவடு நெடுங்காலம் காணப்படாத 100 பேரிடம் பிரான்சு நாட்டு வைத்தியர்கள் மருந்தை நிறுத்திப் பார்த்து, 2010இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டின் பின்னும் ஏறக்குறைய 40 பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியோரும் மருந்தை மீளத் தொடங்கியபோது பயன் பெற்றனர்.

இந்த ஒரு நோயின் வெற்றி மற்றை நோய்களுக்கும் வழிகாட்டிற்று. குடலிலும் இரைப்பையிலும் தோன்றும் ஒருவகைக் கட்டிக்கு வேறொரு நொதியம் காரணமாகும். அந்நொதியத்தின் குழியிலும் இமாற்றினிப் பொருந்துவதால் 2002இல் அந்நோய்க்கும் அது மருந்தாயிற்று. குருதியில் ஒரு நோய், குடலில் ஒரு நோய். இரண்டுக்கும் மருந்து ஒன்று. உறுப்பின் பெயரால் நோயை வகுத்த பழைய முறை சிறிது சிறிதாகக் காரணத்தின் பெயரால் வகுக்கும் முறைக்கு இடங்கொடுத்து வருகிறது. மார்புப் புற்றுக்கும் சுவாசப்பைப் புற்றுக்கும் இன்று மருந்து தொடங்குமுன் கட்டியின் தன்மையைச் சோதிப்பது பல நாடுகளில் வழமையாகிவிட்டது. மனிதரின் பரம்பரைத் தொகுதி முழுவதையும் வாசிக்கும் பெருந்திட்டம் 2003இல் நிறைவேறிய பின்னர், இவ்வகை ஆய்வின் செலவும் பெரிதும் குறைந்துள்ளது.

எனினும் வியப்பிலே மயங்கி நிற்றல் தகாது. நாட்பட்ட லியூக்கேமியா ஒரே பிழையால் எழும் நோய். ஆதலின் ஒரே மருந்துக்கு அடங்கிற்று. பெரும்பாலான புற்றுநோய்களில் பிழைகள் பல. ஒன்றை அடைத்தால் மற்றொன்று வழிதேடிக்கொள்ளும். அன்றியும், உலகிற் சேகரிக்கப்பட்ட பரம்பரைத் தகவல்களுட் பெரும்பகுதி ஐரோப்பிய வழிவந்தோருடையது. தென்னாசியரிடமும் ஆபிரிக்கரிடமும் காணப்படும் வேறுபாடுகள் போதிய அளவு பதியப்படவில்லை. ஆளுக்கேற்ற வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு, உலகின் பெரும்பாலான ஆட்களைக் கணக்கிற் சேர்க்காது விட்டால் அச்சொல் பொருளற்றதாகிவிடும்.

இறுதியாக விலையைப் பற்றிச் சொல்லவேண்டும். 2001இல் அமெரிக்காவில் இமாற்றினிப்பின் விலை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 30,000 டொலர். 2012இல் அது 92,000 டொலராக உயர்ந்தது. அடுத்த ஆண்டில் இந்நோயில் வல்ல வைத்தியர்கள் 100க்கு மேற்பட்டோர் ஒன்றுகூடி, இத்தகைய விலைகள் நோயாளரின் உயிருக்கே ஊறு செய்கின்றன என்று கட்டுரை எழுதினர்.

இவ்விடத்தில் இக்கதை தமிழகத்துக்கும் வருகிறது. இந்திய நிறுவனங்கள் இதே மருந்தைக் குறைந்த விலையில் ஆக்கி வந்தன. நோவாட்டிஸ் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலைகூறிய மருந்து அவர்களிடம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மருந்தின் ஒரு குறிப்பிட்ட பளிங்கு வடிவத்துக்கு ஆக்கவுரிமை வேண்டி நோவாட்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருந்தது. புற்றுநோயாளருக்கு உதவும் சங்கமொன்றும், மருந்து ஆக்கும் இந்திய நிறுவனங்களும் அதனை எதிர்த்தன. 2006 சனவரியில் அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அறிந்த பொருளின் புதிய வடிவம் மட்டும் புதுப்புனைவாகாது, அதன் ஆற்றலும் மிகுந்திருத்தல் வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் 3(ட) பிரிவு. அப்பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஓகஸ்ற் மாதத்தில் தள்ளிவிட்டது. ஈற்றில் 2013 ஏப்பிரல் 1ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம், ஆற்றல் என்பது நோய்தீர்க்கும் ஆற்றலையே குறிக்கும் எனத் தெளிவுபடுத்தி, ஆக்கவுரிமையை மறுத்தது.

இருபக்க நியாயத்தையும் எண்ணிப்பார்த்தல் முறை. புதிய மருந்தைக் காண்பதற்குப் பெரும்பொருள் செலவாகிறது. அதனை ஈட்ட வழியில்லையெனின் அடுத்த மருந்துக்கு எவரும் முன்வரார் என்பது நிறுவனத்தின் வாதம். பல நாடுகளில் வறிய நோயாளருக்கு அந்நிறுவனம் இம்மருந்தை இலவசமாகக் கொடுத்ததும் உண்மை. ஆனால் கொடையாக வருவது ஒருநாள் நின்றுபோகவுங்கூடும். நோயாளிக்கோ மருந்து நாள்தோறும் வேண்டும். 2015இல் உலக சுகாதார நிறுவனம் இமாற்றினிப்பை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது, எல்லா நாட்டு அரசுகளும் தம் மக்களுக்கு இதனை எட்டச் செய்தல் கடன் என்னும் கருத்தினாலேயாம்.

வேர்ச்சோ வெளுத்த குருதியைக் கண்டு எழுதிய நாளிலிருந்து இமாற்றினிப் அனுமதி பெற்ற நாள்வரை 156 ஆண்டுகள் சென்றன. அவ்வளவு காலம் தேவைப்பட்டது காரணத்தை அறிவதற்கே. காரணம் ஐயமற நிறுவப்பட்ட 1990க்குப்பின் மருந்து வர 11 ஆண்டுகளே ஆயின. காரணத்தை நாடுவதற்குப் பொறுமையும், கண்டதை எல்லாருக்கும் எட்டச் செய்வதற்கு நீதியும் வேண்டும். முதலாவதை நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்தோரும், உணவு மேசையில் நிழற்படங்களைப் பரப்பி வைத்தோரும் செய்து முடித்தனர். இரண்டாவது ஆய்வுகூடத்தில் முடிவதன்று. அரசுகளும், நீதிமன்றங்களும், விழிப்புள்ள பொதுமக்களும் சேர்ந்து ஆற்றவேண்டிய பணி அது.